ஐந்து அடுப்பு வீட்டு நாய்

உங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஸ்கேன் பெட்டி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று போன மாதம் வந்தேன். ஒரு பொமரேனியனைப் படுக்கவைத்து, வயிற்று முடியை மழித்து, களிம்பைத் தடவி, கைக்கருவியை நகர்த்தினீர்கள். திரையில் உள்வயிறு, மழைக்கு முந்தைய வானம் போலச் சாம்பலும் கறுப்புமாக அசைந்தது. இத்தனை காலம் விரல் நுனியால் தடவித் தடவி நான் ஊகித்துக்கொண்டிருந்த இடமெல்லாம் அங்கே தானாக வந்து நின்றது. பொறாமையாக இருந்தது. சொல்வதற்கென்ன?

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அந்தப் பெட்டிக்காக அல்ல. வெளியே, அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்க வந்திருந்த ஒரு அம்மாளிடம் உங்களில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் ராத்திரியோடு ஆகாரத்தை நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் குடிக்கலாம், காலையில் ஒன்றுக்குப் போகவிடாமல் நாயைத் தூக்கி வர வேண்டும். அம்மாள் தலையை ஆட்டினார். நம்மவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பழைய நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

ஒரு பிராணியைப் பரிசோதனைக்குத் தயார் செய்வது என்பது நம் கண் முன்னால் நடக்கிற காரியம் இல்லை. நாம் பார்த்திராத ஒரு வீட்டில், நமக்குத் தெரியாத ஒரு ராத்திரியில் அது நடக்கிறது. வலையபட்டியிலிருந்து ஒருவர் நாயைக் கொண்டுவருவார். ஒருமுறை அவரிடம் ஆகாரம் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பட்டினி கிடந்து களைத்துவிடுமே என்று வழியெல்லாம் இளநீரும் வழுக்கையுமாகக் கொடுத்து அழைத்துவந்தார். கேட்டால், அது ஆகாரத்தில் சேராதே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அது சேராது. நாம் ஒரு சொல்லைச் சொல்கிறோம். அது அவரவர் வீட்டு வாசலுக்குப் போய் அந்த வீட்டு அர்த்தத்தை உடுத்திக்கொள்கிறது.

இளநீர் விஷயம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. கொத்தமங்கலத்து விஷயம் அப்படியல்ல.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடியில் எனக்கு வேலை. எங்கள் மருத்துவமனையில் அறுவை மேசை ஒன்று இருந்தது, மயக்க மருந்து இருந்தது, நல்ல ஜன்னல் இருந்தது. எக்ஸ்ரே இல்லை. சுற்று வட்டாரத்தில் பிராணிகளுக்கென்று எங்குமே இல்லை. ஊரில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர், என்மேல் இருந்த பிரியத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நோயாளிகள் வருமுன் தன் எக்ஸ்ரே அறையைத் திறந்துவிடுவார். ஒரு நிபந்தனை. அறை அசிங்கமாகக் கூடாது. என் நோயாளிகளில் எவராவது அங்கே காலைத் தூக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, அத்தோடு கதவு சாத்தப்படும். அதனால் நாயைத் தயார் செய்து கொண்டுவருவது எனக்கு வெறும் வைத்திய முறை அல்ல. அந்தக் கதவு திறந்திருப்பதே அதில்தான் இருந்தது.

உமையாள் ஆச்சி கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் கடைசி மருமகள். நாற்பதை ஒட்டிய வயது. கணவர் மலேயாவில் தொழில் பார்த்தார். வந்தால் சில மாதம் இருப்பார், போனால் வருஷக்கணக்கில் வரமாட்டார். குழந்தைகள் விடுதியில் தங்கிப் படித்தன. ஆச்சிக்குப் பேச்சுத்துணை பவுனு. செம்மஞ்சள் நிறத்தில், ஒடுங்கிய இடுப்பும் நீண்ட முகமுமாக ஒரு சிப்பிப்பாறைப் பெண் நாய். அதை வலையபட்டியில் ஒரு வீட்டு ஆண் நாயோடு சேர்த்துவிட்டு வந்திருந்தார்கள். வயிறு இறங்கத் தொடங்கியதும் வீடே குட்டிகளைப் பங்கு போட்டுவிட்டது. யாருக்கு ஆண், யாருக்குப் பெண், எதற்கு என்ன பெயர் என்பது வரை.

பவுனை முதலில் என்னிடம் கொண்டுவந்தபோது சினை பார்க்கத்தான் கொண்டுவந்தார்கள். நான் வயிற்றில் கை வைத்தேன். கனமாக இருந்தது. ஆனால் குட்டிகளின் கனம் கைக்குள் மணி மணியாக உருளும். இது பிசைந்த மாவைப் போலக் குழைந்தது. நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தது. கண்ணில் ஒளி இல்லை. எழுந்து நிற்கும்போது பின்னங்கால்கள் ஒன்றையொன்று தேடின. குட்டி இருந்தால் ஒரு தாய் நாய் இப்படி வாடாது. கருப்பைக்குள் சீழ் கட்டியிருந்தால் வாடும். சீழாக இருந்தால் அறுத்து எடுக்க வேண்டும், அதுவும் உடனே. விட்டால் உடம்பு முழுக்க விஷம் ஏறிவிடும். குட்டியாக இருந்தால் கத்தி பக்கத்திலேயே போகக்கூடாது. நடுவில் ஒரு வழியும் இல்லை. இரண்டில் ஒன்றுக்குப் போக எனக்கு ஒரு படம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்தே கறி, எலும்பு கூடாது, சனிக்கிழமை மாலையோடு எல்லாமே நிறுத்தம் என்று ஆச்சியிடம் சொன்னேன். குடலில் ஏதாவது கிடந்தால் படத்தில் அது குட்டி மாதிரியும் தெரியும், குட்டி அது மாதிரியும் தெரியும் என்றும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். படித்தவர், நிதானமானவர். இரண்டு தரம் திருப்பிச் சொல்லியும் காட்டினார்.

ஞாயிறு காலை அம்பாசடரில் பவுனு வந்து இறங்கியது. இறங்கும்போதே தள்ளாடியது. நான் சொன்னபடியே பட்டினி போட்டதாக ஆச்சி சொன்னார். வாசலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் விட்டுக் கூட்டிவந்தோம். என் கம்பவுண்டரும் நானும் பிடித்துக்கொள்ள, படம் எடுத்தார்கள். நாய் இரைத்துக்கொண்டே இருந்ததால் படம் கொஞ்சம் கலங்கித்தான் வந்தது. ஈரம் சொட்டும் அந்தப் படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

பின்வயிற்றில் வெள்ளை நூல்கள். மெல்லிய, வளைந்த, சின்னஞ்சிறு எலும்புகள். ஒன்றல்ல, பல.

டாக்டர் சிரித்துவிட்டார். “என்னய்யா, கத்தியத் தீட்டிக்கிட்டு வந்தீரு. குடும்பமே உள்ள உக்காந்திருக்கு பாரும்.”

உமையாள் ஆச்சி படத்தின் பக்கம் வந்து நின்றார். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அந்த வெள்ளை நூல்களை ஒவ்வொன்றாக விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டே போனார். அந்த முகத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. வெளியே டிரைவரிடம் சொல்லப் போய்விட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நல்ல சேதி வந்த அறையில் சந்தேகத்தோடு நிற்பதுதான் நம் தொழிலிலேயே கஷ்டமான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. கெட்ட சேதியைச் சொல்ல யாரும் பழகிக்கொள்ளலாம். எல்லோரும் மகிழ்ந்து முடித்த பிறகு, பொறுங்கள் என்று சொல்வதற்குப் பழக்கம் என்று ஒன்று வராது. என் கண் எலும்பைப் பார்த்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கை நாயின் ஈறைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈறு வெளுத்து, பிசுபிசுவென்று இருந்தது. படத்தை மறுபடி பார்த்தேன். குட்டி என்றால் மண்டையோடு வட்டமாகத் தெரிய வேண்டும், முதுகெலும்பு கோத்த மாதிரி தெரிய வேண்டும். கலங்கலில் இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

அப்படியானால் அந்த எலும்புகள் என்ன? வெளியிலிருந்து உள்ளே போனவையாக இருக்கலாம். ஆச்சி சொன்னது உண்மையென்றால் அதற்கு வழியில்லை. ஆச்சி பொய் சொல்கிறவர் அல்ல.

வெளியே போய் அவரிடமே மறுபடி கேட்டேன். எலும்பு ஏதாவது தின்றதா என்று. அவருக்கு வருத்தம் வந்துவிட்டது. நாயைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“வெள்ளிக்கிழமைல இருந்து என் அடுப்புல ஒரு கறித்துண்டு வேகலை டாக்டர். அதுக்குக் கூடாதுன்னு நானும் திங்கலை. நேத்துச் சாயங்காலத்துக்கு மேல என் அடுப்புல இருந்து ஒரு பருக்கை போடலை.”

வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் போனதும் அவனையும் அவன் மனைவியையும் ‘வேறு வைத்துவிடுவார்கள்’. வேறு வீடு இல்லை. அதே வீடு, வளவு என்கிற அதே நடுமுற்றம், அதே வாசல். அடுப்பு மட்டும் வேறு. அவர்களுக்கென்று ஓர் அறை, அவர்களுக்கென்று ஒரு சமையல், அவர்களுக்கென்று ஒரு செலவு. கோபத்தினால் பிரிவதில்லை, கோபம் வரக்கூடாது என்பதற்காகவே பிரிப்பது. பிறத்தியார் பார்த்தால் ஒரே குடும்பம். அடுப்பங்கரைக்குப் போனால் அத்தனை குடும்பம். என் அப்பா அந்த வீடுகளில் கதவு நிலை இழைத்த தச்சர். இதெல்லாம் எனக்குத் தாய்ப்பாலோடு தெரிந்த விஷயம். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நாயின் வயிற்றில் கை வைத்திருக்கும் நேரத்தில் அது நினைவுக்கு வருவது வேறு.

என் அடுப்பு என்று அவர் சொன்னதும்தான் வந்தது.

வீட்டில் மொத்தம் எத்தனை அடுப்பு என்று கேட்டேன். ஐந்து என்றார். மற்ற நான்கு பேரிடமும் பவுனுக்குப் பட்டினி என்று சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். நான் ஏதோ தெருவில் போகிறவர் சட்டைப்பையில் கைவிடச் சொன்னது போல.

“அவுக அடுப்புல என்ன வேகுது, யாருக்குப் போடுறாகன்னு நாங்க ஒருத்தரை ஒருத்தர் கேக்குறதில்லையே டாக்டர். நான் எப்படிப் போயி போடாதீகன்னு சொல்றது?”

ஐந்து அடுப்பையும் ஒரு நாய் கேட்கும். அதற்கு வேறு வைத்ததெல்லாம் தெரியாது.

ஆச்சி வீட்டில் தொலைபேசி இருந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். வைத்தியர் போன் போட்டு, நாய்க்கு எலும்பு போட்டீர்களா என்று கேட்டால், இந்த உலகத்தில் எந்த வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். பவுனை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கம்பவுண்டரிடம் விட்டேன். ஆச்சியை அதன் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். அவர் கூட வந்தால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். நான் மட்டும் அதே காரில் கொத்தமங்கலம் போனேன்.

வழி முழுக்க ஒரே யோசனை. எப்படிக் கேட்பது? குற்றம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டால் கதவு சாத்தும். எனக்கு வேண்டியது குற்றவாளி அல்ல. எலும்பு வந்த வழி மட்டுமே. இருபுறமும் செம்மண் பொட்டல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் மின்னியது. அந்த மினுமினுப்பைப் பார்த்தபோதோ என்னவோ, கேட்க வேண்டிய விதம் கிடைத்தது. இன்றைக்கும் நீங்கள் பயன்படுத்தலாம்.

முதல் அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டேன்: பவுனுக்கு உங்கள் கைச் சமையலில் என்ன பிடிக்கும்?

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. கந்தரப்பம் என்றால் உயிர், நேற்றுக்கூட இரண்டு தின்றது என்றார். அடுத்த அடுப்பில் பால். சர்க்கரை போட்டால்தான் குடிக்குமாம். வீட்டு ஆண்களுக்குக்கூட அத்தனை வக்கணை கிடையாதாம். அதற்கடுத்த அடுப்பில் அன்று காலையிலேயே வெள்ளைப் பணியாரம் கொடுத்திருந்தார்கள். கார் ஏறி வெளியூர் போகிற ஜீவனை வெறும் வயிற்றோடு அனுப்புவது எப்படி, யாரானாலும் ஒரு வாய் போட்டுத்தானே அனுப்ப வேண்டும் என்று என்னிடமே நியாயம் கேட்டார் அந்த ஆச்சி. கையோடு எனக்கும் ஒரு தட்டு வைத்தார். மயக்க ஊசி போட வேண்டிய நாயின் வயிற்றில் அந்தப் பணியாரம் கிடந்தது. என் தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

நான்காவது அடுப்பு சிகப்பி ஆச்சியுடையது. வீட்டின் மூத்த மருமகள். புது மாப்பிள்ளை வந்திருந்தார் என்பதால் அடுப்பங்கரை அமளியாக இருந்தது. நான் அதே கேள்வியைக் கேட்டேன். மற்றவர்களுக்கில்லாத பெருமை அவர் குரலில் இருந்தது.

“பிடிக்குமாவா? வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்ததுல இருந்து எங்குட்டும் போகலையே. இந்த வாசல்லயேதான் கெடை. ரெண்டு நாளா காடை வறுத்தேன். அவுக கடிச்சுப் போட்ட எலும்பு, பூராவும் பவுனுதான். நறுக்கு நறுக்குன்னு அது மெல்லுற அழகைப் பாக்கணும்.”

காடை. விரல் நீளம் இல்லாத விலா. வளைந்த, மெல்லிய வெள்ளை நூல்.

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். குரல் அப்படியே இறங்கியது. “குடுக்கக் கூடாதோ? உமையா சொல்லலையே என்கிட்ட.”

உமையாள் சொல்லியிருக்க முடியாது என்பது அவருக்கே அடுத்த நொடியில் விளங்கியது. அதை அவர் கண்ணில் பார்த்தேன். நல்லது ஆச்சி, சொன்னது உதவியாக இருந்தது, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

திரும்பி வருகையில் ஊகமெல்லாம் முடிந்துவிட்டது; பயம் தொடங்கிவிட்டது. படம் இப்போது எதையும் சொல்லவில்லை. குட்டி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. இல்லை என்பதற்கும் சாட்சி இல்லை. மறுபடி முறையாகப் பட்டினி போட்டு இன்னொரு படம் எடுக்கலாம். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். பவுனுக்கு அந்த நாள் இருக்கிறதா? மீதி இருந்தது என் கை மட்டுமே. அந்தக் கை முதல் நாளே சொன்னதைத்தான் இப்போதும் சொன்னது.

உமையாள் ஆச்சியிடம் சொன்னேன். படத்தில் இருப்பது குட்டி எலும்பாக இருக்க வேண்டியதில்லை; தின்ற எலும்பாகவும் இருக்கலாம்; என் கணக்குப்படி உள்ளே சீழ்; இன்றைக்கே அறுக்க வேண்டும். யார் போட்டது என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்து, சொல்லாமல் இருப்பதற்கு ஒரு பதிலையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. பவுனின் காதை நீவிக்கொண்டே இருந்தார்.

“அறுத்ததுக்கு அப்புறம் உள்ள குட்டி இருந்துச்சுன்னா?”

“அதுவும் போயிரும் ஆச்சி. பொறுப்பு என்னது.”

“அறுக்கலைன்னா?”

“நான் நினைக்கிறது சரியா இருந்தா, பவுனு போயிரும்.”

அவர் எழுந்து வாசல் வரை போனார். வெளியே டிரைவர் யாரிடமோ குட்டிகளைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆச்சி அவரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். திரும்பி வந்து, ஆகட்டும் என்பதுபோல் தலையை அசைத்தார்.

உடனே செய்ய முடியாது. பணியாரம். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போனால், சீழ் கொல்லும் முன் அது கொன்றுவிடும். எத்தனை நேரம் காத்திருந்தால் வயிறு காலியாகும், எத்தனை நேரம் காத்திருந்தால் நாய் காலியாகும் என்ற இரண்டுக்கும் நடுவில் நான் அந்த ஞாயிறு நடுப்பகலைக் கழித்தேன். நரம்பில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காத்திருப்பதும் ஒரு சிகிச்சை என்று புத்தகத்தில் எழுதமாட்டார்கள். எழுதினாலும் எவ்வளவு என்று எழுத முடியாது. கையை நாயின் மேல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல் வெயில் மேசையை விட்டு இறங்கத் தொடங்கியபோது நாடி மெலிந்தது. இனிமேல் வெளிச்சமும் இருக்காது, நாயும் இருக்காது என்று தோன்றியது. ஆரம்பிக்கலாம் என்று கம்பவுண்டரிடம் சொன்னேன்.

அறுவையைப் பற்றி எழுதப்போவதில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். வயிற்றைத் திறந்ததும் கருப்பை இரண்டு பெரிய புடலங்காய்களைப் போல, ஊதி, கறுத்து, உடையும் தறுவாயில் வெளியே வந்தது. குட்டி இல்லை. ஒன்றுகூட இல்லை. எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அந்த நிம்மதியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்து ஆச்சியிடம் பேச வேண்டியிருந்தது. குட்டி இல்லை, பவுனு மூச்சு விடுகிறது என்றேன். அவர் முதல் பாதிக்கு ஒரு தடவையும், இரண்டாம் பாதிக்கு ஒரு தடவையும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எங்களிடம் நாயைத் தங்கவைக்க இடமில்லை. பவுனு மயக்கம் தெளிந்ததும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஐந்து அடுப்பும் எரிகிற வீட்டுக்கு. மறுநாள் நான் வந்து பார்க்கும் வரை சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக்கூடாது. இரக்கப்பட்டு யாராவது ஒரு வாய் போட்டால் வாந்தி வரும். வாந்தியில் தையல் பிரிந்தால் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்தத் தடவை ஆச்சியிடம் வேறு மாதிரிச் சொன்னேன். இதை நீங்கள் உங்கள் அடுப்புக்கு மட்டும் சொன்னால் போதாது. மற்ற நான்கு அடுப்புக்கும் நீங்களே போய், அவரவர் வாசலில் நின்று, அவரவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். டிரைவரை விட்டுச் சொல்லக்கூடாது.

அது, வேறு வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் எவரும் செய்யாத காரியம். நான் அறுவை செய்ததைவிட அது பெரிய காரியம் என்றுகூடச் சொல்லலாம். கார் கிளம்பும்போதுதான் ஆச்சி ஜன்னல் வழியே சொன்னார்.

“போயிச் சொல்றேன் டாக்டர். என்ன நினைச்சுக்கிருவாகன்னுதான் தெரியலை.”

மறுநாள் காலை மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் கொத்தமங்கலம் போனேன். முன்வாசல் திறந்திருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் வளவைத் தாண்டிப் பின்கட்டு வரை போய் அப்படியே நின்றுவிட்டேன்.

எந்த அடுப்பங்கரையிலிருந்தும் புகை இல்லை. தாளிக்கிற வாசம் இல்லை. அம்மி ஓசை இல்லை. ஐந்து அடுப்பும் குளிர்ந்து கிடந்தன. காலை நேரத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். என் கையிலிருந்த பை திடீரென்று கனத்தது. குறுக்கும் நெடுக்குமாக மனம் ஓடியது. தையலா? வாந்தியா? இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுமா, முன்பே செய்திருக்க வேண்டுமா?

பின்கட்டு முற்றத்தின் ஓரத்தில் ஐந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே சாக்கு விரிப்பில் பவுனு. நான் காலடி வைத்ததும் அது தலையைத் தூக்கியது. தூக்கி, என்னை அடையாளம் கண்டு, பிடிக்காமல், மெல்ல உறுமியது. அத்தனை அழகான உறுமலை நான் அதுவரை கேட்டதில்லை.

மண்டியிட்டுப் பார்த்தேன். ஈறில் ரத்தம் ஓடியிருந்தது. தையல் காய்ந்திருந்தது. வயிறு மெத்தென்று இருந்தது. பிழைத்துவிட்டது என்று சொன்னேன். ஏன் அடுப்பெல்லாம் இப்படி என்று கேட்டேன்.

உமையாள் ஆச்சி சிகப்பி ஆச்சியைப் பார்த்தார். சிகப்பி ஆச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“விடியுமுன்ன எந்திரிச்சு, தள்ளாடிக்கிட்டு வந்து அடுப்பு அடுப்பா நின்னுச்சு டாக்டர். வாசம் வந்தாத்தானே கேக்கும். அதான் ஒருத்தரும் பத்தவைக்க வேணாம்னுட்டேன். ஆம்பளைக எல்லாரையும் காபி கிளப்புக்கு அனுப்பியாச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “மாப்பிள்ளையையும்.”

மற்றவர்கள் சிரிக்காமல் இருக்க முயன்றார்கள். முடியவில்லை. அந்த வீட்டு மாப்பிள்ளை கிளப்பில் இட்லி தின்றது ஊரில் அதற்குள் எத்தனை வாசலுக்குத் தெரிந்திருக்கும் என்று அவரவர் மனத்தில் ஓடியிருக்க வேண்டும்.

அப்புறம் சிகப்பி ஆச்சி தலை நிமிர்ந்து என்னிடம் கேட்டார், இத்தனை வருஷ உத்தியோகத்தில் வேறு யாரும் என்னிடம் கேட்காத ஒன்றை.

“எப்ப பத்தவைக்கலாம் டாக்டர்?”